லான்சரின் புகழில் லான்சருக்கு எவ்வளவு பங்கு?

“செடியா நல்ல வண்டிதான், ஆனா லான்சர் மாதிரி வராது.” பழைய மிட்சுபிஷி கார்களைக் கண்ணும் கருத்துமாக வைத்திருப்பவர்கள் சென்னையில் கூடினாலும் கோவையில் கூடினாலும் இந்தப் பேச்சு வராமல் போகாது. சொல்பவர்கள் வெறும் ரசிகர்கள் இல்லை. இன்ஜினை இறக்கிப் பிரித்து மறுபடி மாட்டத் தெரிந்தவர்கள். வருமானத்தில் கணிசமான பங்கைக் காருக்கே செலவழித்தவர்கள். அவர்கள் சொல்வதை மரியாதையோடு கேட்க வேண்டும், அதே மரியாதையோடு சோதித்தும் பார்க்க வேண்டும். அப்படிச் சோதித்தால் இந்தத் தீர்ப்பில் ஓர் அடிப்படைக் கோளாறு தெரிகிறது. பல வருடம் உழைத்துச் செதுக்கிய லான்சரை ஒரு தட்டில் வைக்கிறார்கள். மறு தட்டில், ஷோரூமிலிருந்து வந்தபடியே இருக்கும் செடியாவை வைக்கிறார்கள். தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது அப்போதே முடிவாகிவிடுகிறது.

இரண்டு கார்களும் திருவள்ளூரில் பிறந்தவை. அம்பாஸடரைத் தயாரித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், மிட்சுபிஷியோடு சேர்ந்து அங்கே ஆலை அமைத்து, 1998இல் லான்சரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானில் 1995இல் அறிமுகமான ஆறாம் தலைமுறை அது. அதற்கு மூன்று வயதுதான் ஆகியிருந்தது என்பதால், அன்றைய இந்தியச் சாலைக்கு அது புத்தம்புதிய காராகவே இருந்தது. தாழ்ந்த இருக்கை, அதைவிடத் தாழ்ந்த டேஷ்போர்டு, மெல்லிய தூண்கள், சுற்றிலும் கண்ணாடி. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்ததும் காரின் நான்கு மூலைகளும் எங்கே இருக்கின்றன என்பது கழுத்தைத் திருப்பாமலே புரியும். இன்றைய எந்த செடானிலும் இது கிடைப்பதில்லை.

பின் சக்கரங்களுக்கு மல்ட்டி-லிங்க் சஸ்பென்ஷன் கொடுத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு வந்து ஓட்டுதல் சுகத்துக்குப் பெயர் வாங்கிய ஃபோர்டு ஐகானில்கூட பின்பக்கம் ட்விஸ்ட் பீம்தான், அதாவது இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு. லான்சரில் ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மறு சக்கரத்துக்கு அந்தச் சேதி போய்ச் சேருவது குறைவு. வளைவின் நடுவில் மேடுபள்ளம் வந்தாலும் கார் தடம் மாறாமல் போவதற்குக் காரணம் இதுதான். லான்சரின் உண்மையான பெருமை இங்கே இருக்கிறது.

இன்ஜினில் இல்லை. 1.5 லிட்டர் 4ஜி15 பெட்ரோல் இன்ஜின் சுமார் 87 பிஹெச்பி கொடுத்தது. அதே 1998இல் வந்த ஹோண்டா சிட்டி, அதே 1.5 லிட்டரில் 100 பிஹெச்பி கொடுத்தது. 4ஜி15இல் ஒரு சிலிண்டருக்கு மூன்று வால்வுகள்: காற்று உள்ளே வர இரண்டு, புகை வெளியே போக ஒன்று. குறைந்த வேகத்தில் இதமாக இழுக்கும், சொன்ன பேச்சைக் கேட்கும், பழுது குறைவு. ஆனால் ஆர்பிஎம் ஏற ஏற மூச்சு வாங்கும். இதுபோக, தெருவில் நாம் பார்த்த லான்சர்களில் நிறைய 2.0 லிட்டர் டீசல் வண்டிகள். 68 பிஹெச்பி டீசல் இன்ஜினின் பாரத்தை மூக்கில் சுமந்தவை. மைலேஜுக்காகக் கொண்டாடப்பட்ட அந்தக் கார்களையும் இன்று ‘ஸ்போர்ட்ஸ் செடான்’ கணக்கில் சேர்த்துப் பேசுகிறோம். நினைவு இப்படித்தான் இரண்டு வேறு கார்களை ஒன்றாக்கிவிடுகிறது.

அந்த நினைவுக்கு ஊட்டம் கொடுத்தது உலக ராலி. ஃபின்லாந்தின் டொம்மி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலகச் சாம்பியன் ஆனார், நான்கும் லான்சர் எவல்யூஷன் கார்களில். அவற்றில் 1997, 1998, 1999 பட்டங்களை வென்ற எவோ நான்கு, ஐந்து, ஆறு ஆகியவை நம் திருவள்ளூர் லான்சரின் தலைமுறையைச் சேர்ந்தவை. அதனால்தான் எவோ பம்பர், எவோ ஸ்பாய்லர், எவோ ஸ்டிக்கர் என்று நம் ஊரில் இத்தனை லான்சர்கள் உருமாறின. ஆனால் எவோவை எவோ ஆக்கியது 2.0 லிட்டர் டர்போ இன்ஜினும் நான்கு சக்கரங்களுக்கும் போகும் இழுவையும். இரண்டுமே நம் காரில் இல்லை. முகச்சாயல் ஒன்று என்பதால் உடல்வலுவும் ஒன்றாகிவிடாது.

2006இல் செடியா வந்தது. ஜப்பானில் 2000இல் அறிமுகமான ஏழாம் தலைமுறை. இங்கே வந்து சேர்வதற்குள் அதற்கு ஆறு வயது. லான்சரும் சில காலம் அதன் கூடவே விற்பனையில் இருந்தது. செடியாவில் 2.0 லிட்டர் 4ஜி94 இன்ஜின், சிலிண்டருக்கு நான்கு வால்வுகள், 5250 ஆர்பிஎம்மில் 115 பிஹெச்பி, 4250 ஆர்பிஎம்மில் 175 என்எம் டார்க். வீல்பேஸ் 2500 மில்லிமீட்டரிலிருந்து 2600 ஆக நீண்டது. பின்பக்கம் மல்ட்டி-லிங்க் சஸ்பென்ஷனைக் கைவிடவில்லை.

பவர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியது. எடையும் கூடியது. லான்சர் ஒரு டன்னைச் சற்றே தாண்டும், செடியா கிட்டத்தட்ட 1200 கிலோ. ஒரு டன் எடைக்கு எத்தனை பிஹெச்பி என்று கணக்கிட்டால் லான்சருக்குச் சுமார் 85, செடியாவுக்குச் சுமார் 96. மூன்றில் ஒரு பங்காகத் தெரிந்த ஆதாயம் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. லான்சர் பக்கத்தார் கையில் இருக்கும் வலுவான வாதம் இதுதான், ஆனால் அவர்கள் இதை எடுத்து வைப்பதே இல்லை. ‘ஃபீல்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அந்த ‘ஃபீல்’ பொய்யில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டாக் லான்சரையும் ஸ்டாக் செடியாவையும் ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும். நீளம் குறைந்த வீல்பேஸும் லேசான மூக்கும் லான்சரைச் சட்டென்று திருப்புகின்றன. முன் டயர் பிடி விடப்போகிறது என்பதை ஸ்டீயரிங் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இரண்டாவது கியரிலேயே மலை முழுக்க ஏறலாம், பிரேக்கை நம்பலாம், பயம் வராது. செடியா இதே வளைவுகளில் ஒரு கணம் தாமதித்துத்தான் உள்ளே வரும். உயரமான உட்காரும் வாகு காரணமாக, சாய்வு உண்மையில் இருப்பதைவிட அதிகமாகத் தோன்றும்.

மலையிலிருந்து இறங்கி நான்குவழிச் சாலைக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் நீண்ட வளைவில் செடியா தரையோடு அப்பிக்கொள்கிறது. நீண்ட வீல்பேஸ் அங்கே வேலை செய்கிறது. வளைவின் நடுவில் பாலத்து இணைப்பு வந்தாலும் ஸ்டீயரிங்கைத் திருத்த வேண்டியதில்லை. லாரியைத் தாண்ட கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலே போதும். லான்சரில் அதே இடத்தில் மூன்றாவது கியருக்கு இறங்கி, இன்ஜினை அலறவிட்டு, எதிரே இடம் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது மாடிஃபிகேஷன் விஷயத்துக்கு வருகிறேன். முழு வாதமும் இங்கேதான் நிற்கிறது அல்லது விழுகிறது. லான்சர்காரர் வழக்கமாக என்ன செய்கிறார்? முதலில் டயரை அகலமாக்குகிறார், ஏர் ஃபில்டரை மாற்றுகிறார், ஃப்ரீ-ஃப்ளோ எக்ஸாஸ்ட் போடுகிறார். பிறகு ஹெட்டர், சிலிண்டர் ஹெட்டில் போர்ட் வேலை, கேம் மாற்றம். 4ஜி15 கொஞ்சம் உற்சாகம் காட்டும், அதோடு நின்றுவிடும். ஒரே எக்ஸாஸ்ட் வால்வு வழியாக எவ்வளவு புகையைத்தான் துரத்த முடியும்? எனவே அடுத்த கட்டம் இன்ஜினையே மாற்றுவது. பெரிய 4ஜி9 வகை இன்ஜின்களை இந்த உடல் ஏற்கும். ஜப்பானில் இதே தலைமுறை லான்சருக்கு 175 பிஎஸ் தரும் 1.6 லிட்டர் மிவெக் இன்ஜினை மிட்சுபிஷியே பொருத்தி விற்றிருக்கிறது. ஆகவே அறிவோடு செய்தால் நல்ல பலன் கிடைக்கும் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் இந்த வேலைகள் ஒவ்வொன்றும் லான்சரின் நற்குணங்களில் ஒன்றை விலையாகக் கேட்கின்றன. இன்ஜின் கனத்தால் மூக்கு கனக்கும், அந்தச் சட்டென்ற திருப்பம் மங்கும். மூக்கு கனத்தால் ஸ்ப்ரிங்கை இறுக்க வேண்டும், குழிச் சாலையில் சக்கரத்தைத் தரையோடு வைத்திருந்த இதம் போய்விடும். அகல டயர் போட்டால் ஸ்டீயரிங்கின் பேச்சு குறையும். பவருக்கு ஏற்ப பிரேக், கிளட்ச், டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். கடைசியில் கிடைப்பது என்ன? பெரிய இன்ஜின், கனத்த மூக்கு, இறுக்கமான அடிப்பகுதி, நெடுஞ்சாலையில் வேகம். பாதி வழியில் நின்றுபோன ஒரு செடியா. பவருக்காகப் பிரித்துக் கட்டிய லான்சர்களில் பெரும்பாலானவை, செடியா ஆலையிலிருந்தே கொண்டுவந்ததை எட்டுவதற்குத்தான் உழைத்திருக்கின்றன. அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அது மெக்கானிக்கின் பெருமை, அதைக் காரின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது.

அதே பணத்தை செடியாவில் போட்டால்? நல்ல டேம்பர், புது புஷ்கள், தரமான டயர், ஒரு நல்ல எக்ஸாஸ்ட், ஈசியூ டியூனிங். இன்ஜினை இறக்கவே வேண்டாம். இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு இந்திய ராலி சாட்சி. எம்ஆர்எஃப் அணிக்காக கௌரவ் கில் ஓட்டிய செடியாக்கள் மண்பாதையில் என்ன செய்தன என்று பார்த்தவர்கள், இந்தக் காரின் அடிப்படையைப் பற்றிச் சந்தேகம் கிளப்ப மாட்டார்கள்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும், ஆர்வலர்கள் பேச விரும்பாத பகுதி இது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்துக் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. பதினைந்து வருடம் தாண்டிய தனியார் கார் ஆய்வுக்குப் போய்த்தான் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆர்சியில் ஒரு இன்ஜினும் பானட்டுக்குள் வேறொன்றும் இருக்கும் லான்சர் அந்த நாளில் என்ன ஆகும்? இன்ஷூரன்ஸ் கேட்கும் நாளில் என்ன ஆகும்? ரேஸ் டிராக்கோடு நிற்கும் கார் என்றால் இந்தக் கேள்வி எழாது. சாலையில் ஓட்டும் கார் என்றால் இதைத் தள்ளிவிட்டு மதிப்பீடு செய்ய முடியாது. 2.0 லிட்டர் ஆலை இன்ஜினோடு சட்டப்படி சாலையில் நிற்பது செடியாவுக்கு உள்ள சாதாரணமான, அசைக்க முடியாத அனுகூலம்.

செடியாவின் குறைகள் கொஞ்சமல்ல. ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் வாங்க நினைத்த காருக்குள் மர நிற அலங்காரம் எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கியர்களின் இடைவெளி பெரிது, மலையில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே கார் தவிக்கிறது. நகரத்தில் பெட்ரோல் குடிக்கும். அது வந்த அதே 2006இல் ஹோண்டா சிவிக் 1.8 லிட்டர் இன்ஜினோடும் புதுமையான உள்ளமைப்போடும் வந்து வாடிக்கையாளர்களை அள்ளிக்கொண்டது. இன்று இரண்டு மிட்சுபிஷிகளுக்கும் உதிரிபாகம் தேடி அலைய வேண்டியிருக்கிறது, இதில் ஒன்றைவிட மற்றொன்று மேல் என்று சொல்ல முடியாது.

என் தீர்ப்பு இது. ஸ்போர்ட்ஸ் செடான் என்ற அளவுகோலில் செடியாவே சிறந்த கார், ஸ்டாக் நிலையிலும் மாற்றிய நிலையிலும். பவருக்காக மாற்றிய லான்சர் அதை வெல்வது அபூர்வம், வென்றாலும் அதற்குள் லான்சர் மிச்சமிருக்காது. ஆனால் மிதமான வேகத்தில், வளைந்த சாலையில், ஓட்டுவதே இன்பம் என்று ஓட்டுவதற்கு அசல் 1.5 பெட்ரோல் லான்சரின் பக்கத்தில் செடியா வர முடியாது. “லான்சர் மாதிரி வராது” என்ற பேச்சு அந்த ஒரு காருக்கு மட்டும் பொருந்தும். அதைச் சொல்பவர்களில் பலரிடம் அந்தக் கார் இப்போது இல்லை, அவர்களே அதை மாற்றிவிட்டார்கள்.

எனவே கை வைக்கப்படாத பெட்ரோல் லான்சர் உங்களிடம் இருந்தால் ஒரு வேண்டுகோள்: டேம்பரையும் புஷ்களையும் புதிதாக்குங்கள், ஆலை அளவிலேயே நல்ல டயர் போடுங்கள், டைமிங் பெல்ட்டை நேரத்துக்கு மாற்றுங்கள், இன்ஜினைத் தொடாதீர்கள். வேகம்தான் வேண்டும் என்றால், அந்தச் செலவில் நல்ல நிலையில் ஒரு செடியாவைத் தேடி வாங்குங்கள்.