மாதொருபாகன்: இருவர் மட்டுமே உள்ள இல்லம்

மேடவாக்கத்தில் ஞாயிறு மாலைகளில் கூடும் எமது சிறு வாசகர் வட்டம், அண்மையில் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலை எடுத்துக்கொண்டது. 2010இல் வெளிவந்த நூல். இதன் பெயரைச் செய்தித்தாள்களில் கண்டோர் பலர். நூலைப் படித்தோர் எம்முள்ளும் சிலரே. 2014 டிசம்பர் இறுதியில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு எழுந்தது. 2015 ஜனவரியில், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று ஆசிரியரே அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நூலுக்கு எதிரான கோரிக்கைகளைத் தள்ளி, அவர் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்று வாழ்த்தியது. அச்சச்சரவெல்லாம் கதையின் முடிவில் வரும் ஒரு திருவிழா இரவைப் பற்றியது. நூலின் பெரும்பகுதி அதைப் பற்றியதன்று; பிள்ளையில்லாத கணவனும் மனைவியும் ஒரு குடும்பம் ஆவார்களா என்னும் கேள்வியைப் பற்றியது.

விடுதலைக்கு முந்தைய கொங்கு நாடு. உழவுத் தொழில் செய்யும் காளிக்கும் பொன்னாவுக்கும் மணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள். மாமனார் வீட்டில் காளி நட்ட பூவரசு கிளை பரப்பி நிழல் தருகிறது. இவர்களுக்கோ குழந்தை இல்லை. மற்றபடி ஒரு குறையும் இல்லை. அவனுக்கு அவள் மீதும் அவளுக்கு அவன் மீதும் உள்ள ஆசை தணியவே இல்லை. ஆனால் ஊர் விடுவதில்லை. நல்ல காரியங்களில் பொன்னா ஒதுக்கப்படுகிறாள். இவர்கள் நிலம் யாருக்குப் போகும் என்று பிறர் கணக்கிடுகிறார்கள். காளிக்கு இரண்டாம் மணம் பேசுகிறார்கள். அவன் மறுக்கிறான். நேர்ச்சைகள், பரிகாரங்கள், மலைமீதுள்ள வறடிக்கல்லை உயிரைப் பணயம் வைத்துச் சுற்றுவது என எதையும் பொன்னா விட்டுவைக்கவில்லை.

இங்கே சற்று நிற்போம். திருப்பலி முடிந்து கோயில் வளாகத்தில் புதுமணத் தம்பதியரைக் கண்டால், "என்ன, விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்பவர்கள் நாமே அல்லவா? கேட்கும்போது நாம் அதை அன்பு என்றே எண்ணுகிறோம். எம் வட்டத்தில் ஒரு தம்பதியர் அன்று முழுவதும் வாய் திறக்கவில்லை. வேளச்சேரி நெடுஞ்சாலையில் குழந்தைப்பேறு மருத்துவமனைகளின் விளம்பரப் பலகைகளைக் கடந்துதான் அவர்கள் தினமும் வேலைக்குப் போகிறார்கள் என்பது பின்னரே எமக்கு உறைத்தது. பிள்ளைப்பேறு இல்லாவிடினும் திருமணம் தன் முழுமதிப்பை இழப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே, 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டின் 50ஆம் எண்ணில் தெளிவாக்கியது. ஏட்டில் இருப்பது நம் நாவிற்கு இன்னும் வரவில்லை.

திருவிழா இரவைக் கண்டு முகம் சுளித்தோர் எம்மிடையேயும் இருந்தனர். தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில், பிள்ளையில்லாப் பெண்கள் அயலாடவர் ஒருவர் வழியாகக் கருத்தரிக்கலாம், பிறப்பது கடவுள் தந்த பிள்ளை என்பது கதையில் வரும் வழக்கம். அறநெறிப்படி நாம் இதை ஏற்க முடியாது. ஆயினும் தொடக்கநூலின் 16ஆம் அதிகாரத்தில், பிள்ளைக்காகத் தன் பணிப்பெண் ஆகாரைக் கணவனிடம் அனுப்பியவர் நம் மூதாய் சாராவே. அங்கும் பிள்ளை வந்தது, வீட்டின் அமைதி போயிற்று. பெருமாள்முருகனின் கதையில் முடிவெடுப்போர் இரு தாய்மாரும் அண்ணன் முத்துவுமே. காளி சம்மதித்துவிட்டான் என்று பொய் சொல்லிப் பொன்னாவை அனுப்புகிறார்கள். நம்மை உலுக்குவது அந்தப் பொய்யே.

காளியை ஆசிரியர் தப்பவிடவில்லை. பிள்ளையைப் பற்றிய ஊர்ப்பேச்சைப் பன்னிரண்டு ஆண்டுகள் உதறித் தள்ளியவன், மானத்தைப் பற்றிய ஊர்ப்பேச்சை ஓர் இரவுகூடத் தாங்கமாட்டாமல் உடைந்துபோகிறான். மனைவி ஏமாற்றப்பட்டாளா என்று கேட்கவும் அவனுக்குத் தோன்றவில்லை. அத்தனை அன்புக்குள் இத்தனை உடைமையுணர்வு ஒளிந்திருந்ததா என்று நாம் திகைக்கிறோம். நாவலின் உண்மையான வலிமை இதுவே என்பது எமது கணிப்பு. மணம் செய்யாமல் தன் மனம்போல வாழும் நல்லுப்பையன் சித்தப்பா இதற்கு நல்ல மாற்று. ஊரை அவர் எள்ளும் பக்கங்களில் நம்மையறியாமல் சிரித்துவிடுகிறோம். குறையும் உண்டு. நடுப்பகுதியில் முன்னோர் சாபக் கதைகள் அளவுக்கு மீறி இடம்பிடிக்கின்றன. பொன்னாவின் துயரம் அவ்விடங்களில் பின்னுக்குப் போகிறது.

2013இல் வந்த 'பூக்குழி'யிலும் இதே ஊர் நாக்குதான். அங்கே சாதி கடந்து மணந்த குமரேசன், சரோஜா இருவரின் இல்லத்தை அது எரிக்கிறது. ஆனால் அந்நாவலில் தீமை ஒரே நிறத்தில் தெரிகிறது. 'மாதொருபாகன்' போல அன்புடையோரே அழிவைக் கொண்டுவரும் சிக்கல் அங்கு இல்லை.

'மாதொருபாகன்' முடிவைத் திறந்தே விட்ட ஆசிரியர், 2014இல் இரு தொடர்ச்சிகள் எழுதினார். 'அர்த்தநாரி'யில் காளி பிழைத்து, மௌனத்தால் மனைவியைத் தண்டிக்கிறான். 'ஆலவாய'னில் அவன் இல்லை; பொன்னாவும் அவள் தாயும் மாமியாரும் ஒருவரையொருவர் தாங்கி நிலத்தைக் காக்கிறார்கள். பழிசொல்லவும் பகைக்கவும் காரணமுள்ள மூன்று பெண்கள் ஒரே வீட்டில் உலை வைக்கும் அப்பக்கங்கள், தொடர்ச்சிகளுள் இதையே எமக்கு மேலானதாக்குகின்றன. முதல் நூலை முடித்தவர்கள் இதை அடுத்துப் படிக்கலாம். எமது வட்டத்தின் படியை அந்தத் தம்பதியர் இரவல் வாங்கிச் சென்றிருக்கிறார்கள்.