நேரம் கொடுக்காமல் நுட்பம் கற்பிப்பது

நோயாளிகள் செவிலியர் மேல் கோபப்படுவதற்குக் காரணம் செவிலியருக்குப் பேசத் தெரியாததுதான், பயிற்சி கொடுத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற பேச்சு மருத்துவமனை நிர்வாகங்களில் வலுத்துவருகிறது. இது தவறான வாதம்.

பயிற்சியே வீண் என்று சொல்ல வரவில்லை. அழுகிறவரிடம் "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லி நகர்வது அவர் வாயை அடைப்பது. "ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்பது அவரைக் கூண்டில் ஏற்றுவது. இவை கூடாது என்பதைப் பாடமாக்கியது நல்ல காரியம்.

ஆனால் நோயாளியோடு பேசுவது பற்றிய இந்தப் பாடத்துக்கு அடித்தளமிட்ட ஹில்டகார்ட் பெப்லாவ் 1952இல் வெளியிட்ட நூலில் பேசியது செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவைப் பற்றி. அறிமுகத்தில் தொடங்கி, கட்டம் கட்டமாக வளர்ந்து, நோயாளி தன் காலில் நிற்கும்போது முடிகிற உறவு அது. நம் பயிற்சிகள் அந்த உறவை விட்டுவிட்டு வாக்கியங்களை மட்டும் எடுத்துக்கொண்டன. திறந்த கேள்வி கேள், சொன்னதைத் திருப்பிச் சொல், மௌனமாக இரு. ஒவ்வொன்றுக்கும் தேர்வில் மதிப்பெண் உண்டு.

பூச்சிமருந்து குடித்துப் பிழைத்த ஒருவர் நள்ளிரவில், "என்னை ஏன் காப்பாத்துனீங்க சிஸ்டர்?" என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து மௌனமாகக் கேட்க வேண்டும் என்கிறது பாடம். அடுத்த கட்டிலில் டிரிப்ஸ் முடியப்போகிறது. வாசலில் புது அட்மிஷன் நிற்கிறது. "சொல்லுங்க" என்று கேட்ட செவிலியர், பதில் பாதியில் இருக்கும்போதே எழுந்து ஓடுகிறார். கேட்காமலே போயிருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது. நேரமில்லாதவர் கையில் இந்த நுட்பம் புண்ணைக் கிளறத்தான் உதவும்.

நேரம் ஏன் இல்லை? பயிற்சி மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அந்த அளவு நிறைவேறிய இரவு வார்டை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? ஆள் போடுவதைவிட வகுப்பு நடத்துவது மலிவு. அதனால்தான் நிர்வாகத்தின் பற்றாக்குறை செவிலியரின் நாக்குக் குறையாக மாற்றப்படுகிறது. மனிதாபிமானத்தின் பெயரால் நடக்கும் இந்தப் பழிமாற்றத்தை ஏற்க முடியாது.

மருந்து கொடுத்த நேரம் பதிவேட்டில் ஏறுகிறது. உட்கார்ந்து கேட்ட அரை மணி நேரமும் பணியாகக் கணக்கில் ஏறட்டும். அந்தக் கணக்குப்படி ஆட்களை நியமியுங்கள். பிறகு பயிற்சி கொடுங்கள்.