விரிசலை முதலில் பார்ப்பவர்

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் தாள்களையும் நான் பிரதிகளாகவே வாசிக்கிறேன். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், யாரை விட்டுவிட்டுப் பேசுகிறார் என்று பார்ப்பது தமிழ் வகுப்பறையில் படிந்த பழக்கம். பராமரிப்புக் குறைகள் இருந்தால் உரிமையாளர்கள் தயங்காமல் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு தாளைச் சென்னையின் பல குடியிருப்புகளில் காணலாம். நோக்கம் நல்லதுதான். ஆனால் ‘உரிமையாளர்கள்’ என்ற ஒரு சொல்லிலேயே கட்டடத்தை அன்றாடம் கையாளும் பலர் வெளியே நிறுத்தப்பட்டுவிடுகிறார்கள்.

கட்டடத்தின் குறைகளை முதலில் பார்ப்பது யார்? குளியலறைச் சுவரில் ஈரம் ஏறுவதைத் துணி துவைப்பவர் பார்க்கிறார். தண்ணீரின் வாடை மாறியதை அரிசி களைபவர் அறிகிறார். படிக்கட்டில் விளக்கு எரியாததை விடிகாலையில் வேலைக்கு வருகிற பெண் அறிகிறார். லிஃப்ட் நடுவில் நின்று குலுங்குவதைப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவரும் பாட்டி அறிகிறார். இவர்களில் எத்தனை பேரின் பெயர் கிரயப் பத்திரத்தில் இருக்கிறது?

தமிழ்நாட்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 1994இல் வந்ததானாலும் அதற்கு மாற்றாக வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டமானாலும், சங்கத்தை உரிமையாளர்களின் அமைப்பாகவே வகுக்கிறது. சொத்தை நிர்வகிக்க அது தேவையாக இருக்கலாம். குறையைச் சொல்வதற்கும் அதே தகுதியைக் கேட்பதுதான் சிக்கல். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரர் வழியாகவும், மனைவி கணவர் வழியாகவும், வீட்டுவேலை செய்பவர் அந்த மனைவி வழியாகவும் பேசவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் செய்தி கொஞ்சம் இளைத்துப் போகிறது.

எங்கள் குடியிருப்பில் நிலத்தடித் தொட்டியின் மூடி ஆடுவதை முதலில் கண்டவர் மூன்று வீடுகளில் வேலை செய்யும் பெண். “அக்கா, சம்ப் மூடி ஆடுதுக்கா. புள்ளைங்க ஓடியாடுற எடம்” என்றார். “நீங்களே செயலாளர்கிட்ட சொல்லலாமே” என்றேன். “நான் சொன்னா, உனக்கு எதுக்கு இந்த வேலைம்பாங்க” என்றார். படம் எடுத்துச் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் நான் போட்டேன். பதில் வந்தது, என் கணவரை ‘சார்’ என்று விளித்து. அதற்குக் கீழே, சின்ன விஷயங்களைப் பொதுவில் போடவேண்டாம் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். குழந்தை விழுந்தால் பெரிய விஷயமாகக்கூடிய ஒன்று, பெண்கள் சொல்லும்வரை சின்ன விஷயம்.

சாரா அகமது 2021இல் வெளியிட்ட ‘கம்ப்ளெயின்ட்!’ நூல் பல்கலைக்கழகங்களில் புகார் கொடுத்தவர்களின் அனுபவங்களை ஆராய்வது. பிரச்சினையைச் சுட்டுகிறவரே பிரச்சினையாக ஆக்கப்படுவதை அது விரிவாகக் காட்டுகிறது. நம் மொழியிலும் இதற்குச் சான்று உண்டு. ஆண் எழுதிக் கொடுத்தால் ‘கோரிக்கை’. பெண் வாயால் சொன்னால் ‘புலம்பல்’. இரண்டாம் முறை சொன்னால் ‘நச்சரிப்பு’. ‘புகார்’ என்பதோ கூவி அழைப்பதைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்தது. அழைப்பவருக்குச் செவிகொடுக்க ஆள் வேண்டும் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இதில் உயிரே பணயமாக இருப்பதைத் திருவொற்றியூர் காட்டியது. 2021 டிசம்பர் 27 அன்று அங்கே நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்புத் தொகுதி ஒன்று இடிந்து விழுந்தது. 24 வீடுகள் போயின. உயிர்ச்சேதம் இல்லை. விரிசலைக் கண்ட குடியிருப்போர் முன்கூட்டியே வெளியேறியிருந்தார்கள். அன்று உயிர்களைக் காத்தது அங்கே வாழ்ந்தவர்களின் கண். அதே ஆண்டு ஆகஸ்டில், புளியந்தோப்பு கே.பி. பூங்காக் குடியிருப்பில், கை பட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்கிறது என்று அங்கே குடியேறியவர்கள் காட்டிய பிறகே அந்தக் கட்டடத்தின் தரம் ஊரறியப் பேசப்பட்டது.

வாரியக் குடியிருப்புகளுக்கென அரசு கொண்டுவந்த திட்டத்தின் பெயர் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’. குடியிருப்போர் நலச் சங்கங்கள் திரட்டும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் பங்களிக்கும். சங்கமாகச் சேர்வது வலிமைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ‘நம்’ யார் என்று கேட்கவேண்டும். குப்பைக்கும் விளக்குக்கும் சந்தா கட்டுவது குடியிருப்போரின் பொறுப்பாகலாம். கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயர்ந்தால் அது கட்டியவரின், மேற்பார்த்தவரின் பொறுப்பு. பொறுப்பைப் பகிரச் சொல்லும் அமைப்பு, கேள்வி கேட்கும் அதிகாரத்தையும் பகிர வேண்டும்.

‘தயங்காமல் சொல்லுங்கள்’ என்று எழுதுவது எளிது. தயக்கம் பெண்களின் சுபாவம் இல்லை. சொன்னவர்களுக்கு நேர்ந்ததைப் பார்த்துக் கற்ற பாடம். அதை நீக்கப் பெரிய செலவு தேவையில்லை. வாட்ச்மேன் மேசையில் ஒரு பதிவேடு போதும். வாடகைதாரர், வேலைசெய்பவர், வாட்ச்மேன், யார் சொன்னாலும் அதில் ஏறட்டும். எழுதத் தெரியாதவர் சொல்வதை இன்னொருவர் எழுதட்டும். சொன்னவரின் பெயர் கட்டாயமில்லை. குறை, தேதி, பொறுப்பேற்றவர், சரிசெய்த நாள் ஆகிய நான்கும் கட்டாயம். கூட்டத்தை ஞாயிறு காலை பத்து மணிக்கு வைத்துவிட்டுப் பெண்கள் வருவதில்லை என்று வருந்துகிறவர்கள், அந்த நேரத்தில் சமையலறையில் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும்.

பராமரிப்பு என்ற ஒரே சொல்லைத்தான் குழந்தைக்கும் முதியவருக்கும் கட்டடத்துக்கும் பயன்படுத்துகிறோம். முதல் இரண்டையும் பெண்ணின் கடமை என்கிறோம். மூன்றாவதில் பணமும் பதவியும் வந்ததும் அவளைப் பார்வையாளராக்கிவிடுகிறோம். உழைப்பில் அவளுக்கு இருக்கும் பங்கு தீர்மானத்திலும் வேண்டும். உங்கள் குடியிருப்பில் அப்படியொரு பதிவேடு இருக்கிறதா என்று நாளை கேளுங்கள். இல்லையென்றால் ஒரு நோட்டு வாங்கி முதல் வரியை நீங்களே எழுதுங்கள்.