சிவப்பு அடையாளக் கார்டும் தமிழ்ச் சிறுகதையும்

கடல் கடந்த தமிழர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட புனைகதைகளில் இரண்டு காட்சிகள் நன்கு வேரூன்றிவிட்டன. ஒன்று, பிறந்த ஊரை விட்டுக் கப்பலேறும் காட்சி. மற்றொன்று, பல்லாண்டுகளுக்குப் பின் வெறுங்கையோடு ஊர் திரும்பும் காட்சி. இவ்விரண்டிற்கும் நடுவே நீண்டதொரு காலம் கிடக்கிறது. வந்த நாட்டிலேயே வாழ்ந்து மடிவதென்று முடிவு செய்த ஒருவர், அதற்கான இசைவை வேண்டி விண்ணப்பம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கும் காலம் அது. மலேசியத் தமிழர் பலருடைய வாழ்நாளில் பாதியை அக்காத்திருப்பே விழுங்கியது. எனினும் நம் சிறுகதைகளில் அதற்குக் கிடைத்துள்ள இடம் மிகச் சிறிது. கிடைத்த இடத்திலும் கண்ணீர் நிரம்பியிருக்கும் அளவுக்குக் காகிதம் இல்லை.

முன்னோடிப் படைப்புகளில் இப்பொருள் இடம்பெறாமைக்குக் காரணம் உண்டு. புதுமைப்பித்தன் 1930களில் எழுதிய 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்றோரின் துயரைச் சொல்கிறது. அங்கே மனிதனைக் கட்டிப்போடுவது கூலியும் கடனும். தங்கியிருக்கும் உரிமையைப் பற்றிய கேள்வி அக்கதையுலகில் எழவில்லை. 1972இல் நூலாக வந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் வரும் வட்டிக்கடை இளைஞர்கள் மெடானிலும் பினாங்கிலும் நடமாடினாலும் அவர்களுடைய மனம் ஊரின் தெருக்களிலேயே திரிகிறது. போர்க்காலத்தில் தொங்கானில் ஏறிக் கடலைக் கடக்கும் அவர்களுக்கு எல்லைக்கோடு பெரிய பொருளன்று. ஊருக்குத் திரும்பப் போகிறவன் எவரிடமும் 'இங்கே இருக்கலாமா' என்று கேட்பதில்லை. அக்கேள்வி பிற்காலத்தது; அதைப் பிறப்பித்தது சட்டம்.

அச்சட்ட வரலாற்றை அறியாமல் இவ்வகைக் கதைகளை எடைபோட முடியாது. அவசரகாலத்தில், 1948இல், மலாயாவில் அடையாள அட்டைப் பதிவு தொடங்கியது. 1957 ஆகஸ்டு 31க்குப் பின் நாட்டில் பிறந்த குழந்தைகள் பிறப்பாலேயே குடிமக்களாயினர். 1962 அக்டோபரில் இவ்விதி இறுக்கப்பட்டு, பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்றாயிற்று. விடுதலைக்கு முன் பிறந்தவர்களும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் பலர் விண்ணப்பித்தே குடியுரிமை பெற வேண்டியிருந்தது. விடுதலை நாளை அடுத்த ஓராண்டுக்குள் விண்ணப்பித்தோர் பலருக்கு மலாய்மொழித் தேர்விலிருந்து விலக்கு இருந்தது. அந்த ஓராண்டு தோட்டப்புறத்தில் எவ்வாறு கழிந்தது? தோட்டம் விட்டு வெளியே செல்லாத மக்கள், எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர், 'அடுத்த ஆண்டு ஊருக்குப் போய்விடுவோம்' என்று ஆண்டுதோறும் சொல்லிக்கொண்ட முதியோர் ஆகியோருக்கு அது மற்றோர் ஆண்டாகவே போயிற்று. நாவலாசிரியன் ஒருவனுக்கு இதைவிடச் செறிந்த கால எல்லை எங்கே கிடைக்கும்?

அந்த அலட்சியத்தின் விலை பதினோர் ஆண்டுகளுக்குப் பின் தெரிந்தது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்வதற்குப் பெர்மிட் பெற வேண்டும் என்றது. 1969க்குப் பின் அது கடுமையாக நடைமுறைக்கு வந்தபோது, நாடு திரும்பிய இந்தியத் தொழிலாளர் ஏறத்தாழ 60,000 பேர் என ஆய்வாளர்கள் கூறுவர். ஒரே வீட்டில் தந்தை சிவப்பு அட்டைக்காரராகவும் மகன் நீல அட்டைக்காரனாகவும் இருந்த நிலையில், மரம் வெட்டிக்கொண்டிருந்த கை ஒரு தாளின்றி நின்றுபோயிற்று.

மலேசியத் தமிழ்ச் சிறுகதை இந்நிகழ்ச்சியைக் கண்டுகொள்ளவில்லை என்று கூறுதல் தவறு. பினாங்குத் துறைமுகமும் 'ரஜூலா' கப்பலும் கையசைக்கும் பிள்ளைகளும் அக்காலத்து எழுத்தில் அழியாமல் பதிந்துள்ளன. அவ்வெழுத்துக்கு ஓர் ஆவணமதிப்பு உண்டு. உணர்ச்சியில் பொய்யும் இல்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. துறைமுகக் காட்சி கதாசிரியனுக்கு எளிதில் வசப்படுவது. பிரிவு என்பது பாலைத்திணைக் காலந்தொட்டுத் தமிழன் பழகிய பொருள். அதற்குரிய சொற்கள் தயாராக இருக்கின்றன. எனவே எழுத்தாளர் கப்பல் ஏறியவரைப் பின்தொடர்ந்தார். பெர்மிட்டை ஆண்டுக்கணக்கில் புதுப்பித்துக்கொண்டு, மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தவாறு தோட்டத்திலேயே தங்கிவிட்டவரை விட்டுவிட்டார். தங்கியவருடைய துயரில் உச்சக்காட்சி இல்லை; ஆகவே கதையும் இல்லை என்று கருதப்பட்டது போலும்.

உண்மையில் கதை அவ்விண்ணப்பத்தாளிலேயே இருக்கிறது. பிறந்த தேதி எது என்று தாள் கேட்கிறது. கிழவிக்குத் தெரிந்ததெல்லாம், பெருவெள்ளம் வந்த ஆண்டில் தைப்பூசத்துக்கு மறுவாரம் தான் பிறந்தாள் என்பதே. தாளில் அதற்குக் கட்டம் கிடையாது. பிறப்புப் பத்திரம் கேட்கப்படுகிறது; லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த குழந்தையைப் பதிவு செய்ய நான்கு கல் தொலைவு நடக்க அன்று எவருக்கும் ஓய்வில்லை. பெயர் கேட்கப்படுகிறது. தோட்டத்துக் கிராணி ரோமன் எழுத்தில் 'முனியம்மா'வை ஒரு விதமாக எழுதினார். மருத்துவமனைக் குமாஸ்தா வேறு விதமாக எழுதினார். அடையாள அட்டையில் மூன்றாவது விதம். மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கச் சத்தியப் பிரமாணம் வேண்டும். பிறப்பைக் கண்டவர் சாட்சி சொல்ல வேண்டும், கண்டவரெல்லாம் காலமாகிவிட்டனர். ஒரு மனிதப் பிறவியின் இருப்பையே ஐயத்துக்குள்ளாக்கும் இக்கேள்விகளை வரிசைப்படி சொன்னாலே போதும். எழுத்தாளர் இடையில் புகுந்து விதியை நோக வேண்டியதில்லை.

நேர்முகக் காட்சியும் அத்தகையதே. வெளிநாட்டில் பிறந்தவர் குடியுரிமை பெறப் பத்தாண்டு வாசமும் நன்னடத்தையும் போதிய மலாய்மொழி அறிவும் தேவை. நாற்பது ஆண்டு சந்தையில் மீன் பேரம் பேசியும் அண்டைக் கம்பத்து மக்களோடு நல்லது கெட்டது பேசியும் பழகிய பெண், அதிகாரியின் மேசைக்கு எதிரே நாற்காலியில் அமர்ந்ததும் ஊமையாகிவிடுகிறாள். இதை நகைச்சுவையாக்கியவர்கள் உண்டு. அதிகாரியை அரக்கனாக்கியவர்களும் உண்டு. இரண்டுமே சுலப வழிகள். அவள் அறிந்த மொழி கேட்பவர் இருக்கும்போது வரும் மொழி. சோதிப்பவர் இருக்கும்போது வராது. அந்த அதிகாரி நல்லவராகவே இருக்கட்டும், கனிவோடு இரண்டாம் முறை கேட்கட்டும். அப்போதும் அவள் வாய் திறக்கவில்லை என்றால் கதையின் கனம் எத்துணை கூடும்!

உரையாடல் நடையிலும் ஒரு பிழை திரும்பத் திரும்ப நேர்கிறது. பால்மரம் வெட்டும் தொழிலாளி 'எனக்கு நிரந்தர வசிப்பிடத் தகுதி மட்டுமே உண்டு' என்று பேசுவதாக எழுதினால் வாசகன் நம்பமாட்டான். 'செவப்பு ஐ.சி.தான் இருக்கு' என்றே அவர் சொல்வார். 'பிரஜா உரிமை' என்ற சொல் மேடையில் 'குடியுரிமை'யாக மாறிய பின்னும் முதியோர் நாவில் பழைய சொல்லே நின்றது. கதாசிரியர் கூற்றில் தூய சொல்லும் பாத்திரத்தின் வாயில் வழக்குச் சொல்லும் அமைவதே பொருத்தம். நிறங்களையும் கவனித்தல் வேண்டும். மலேசியாவில் நீல அட்டை குடிமகனுடையது, சிவப்பு நிரந்தரவாசியுடையது. ஜொகூர் பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூரில் இளஞ்சிவப்பு குடிமகனுடையது, நீலம் நிரந்தரவாசியுடையது. 'நீல அட்டை கிடைத்தது' என்ற வரி ஒரு கரையில் கதையின் முடிவு. மறு கரையில் அது தொடக்கமே. அங்கே நீல அட்டையுடையவர், மீள்நுழைவு அனுமதி காலாவதியாகிவிட்ட நிலையில் வெளிநாட்டில் இருந்தால், நிரந்தரவாசத் தகுதியையே இழக்க நேரலாம். 'நிரந்தரம்' என்னும் சொல்லுக்குள் கால எல்லை ஒன்று ஒளிந்திருப்பதைச் சிங்கப்பூர்ச் சிறுகதை இன்னும் அழுத்தமாகப் பயன்படுத்தலாம்.

இந்தக் கேட்டுப்பெறும் வாழ்வின் வலியை ஆழ்ந்து தொட்ட மலேசிய நாவல் ஒன்று உண்டு. அது தமிழில் எழுதப்படவில்லை. கே. எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதி 1981இல் வெளிவந்த 'தி ரிட்டர்ன்' நாவலில், கதைசொல்லியின் தந்தை தமக்குரியதல்லாத நிலத்தில் வேர்விட முயன்று வீடெழுப்பி, இறுதியில் அவ்வீட்டோடு தீயில் மாள்கிறார். அங்கே நிலவுரிமைதான் பேசப்படுகிறது, குடியுரிமை அன்று. ஆயினும், உழைப்பால் ஏற்பட்டுவிட்டதாக ஒருவர் நம்பும் உரிமைக்கும் தாள் தரும் உரிமைக்கும் இடையிலுள்ள பள்ளத்தை அந்நாவல் காட்டிய அளவுக்குத் தமிழ்க் கதைகள் காட்டவில்லை. பாத்திரத்தின்மேல் இரக்கம் கோராமல் மணியம் எழுதினார் என்பது இதற்கொரு காரணம்.

தமிழாசிரியர்கள் இப்பொருளை வகுப்பறைக்குக் கொண்டுவரும்போது பழைய இலக்கியமும் கைகொடுக்கும். காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழி பேசும் வேற்று நாட்டார் கலந்து இனிது வாழ்ந்ததைப் பட்டினப்பாலை பெருமையோடு கூறுகிறது. அதை நாம் விருந்தளித்தவனின் பெருமிதத்துடனேயே படித்து வந்திருக்கிறோம். அவ்வேற்று நாட்டாருள் ஒருவன் அந்நகரைப் பற்றி என்ன எழுதியிருப்பான் என்று மாணவனைக் கேட்கலாம். மேசைக்கு அப்புறம் இருந்து பாடியது அப்பாட்டு. இன்றைய கதை மேசைக்கு இப்புறம் இருந்து எழுதப்பட வேண்டியது.

பொருள் பழையதாகிவிட்டது என்று ஒதுக்குவோர்க்கு ஒரு செய்தி. 2018இல், 60 வயதைக் கடந்த சிவப்பு அட்டை இந்தியர் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என மலேசிய அரசு அறிவித்தது. விடுதலை பெற்று 61 ஆண்டுகளுக்குப் பிந்தைய அறிவிப்பு அது. அவர்களுள் பலர் விடுதலைக்கு முன்பே பிறந்தவர்கள்.

அத்தகைய ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில், இந்தியாவிலிருந்து வந்த பெற்றோர்க்கு 1956இல் அண்ணன் பிறக்கிறான். 1958இல் அதே லயத்தில், அதே மருத்துவச்சி கையில் தம்பி பிறக்கிறான். தம்பி பிறப்பாலேயே குடிமகன். அண்ணனோ, தந்தையின் வரலாற்றைப் பொறுத்து, விண்ணப்பித்துப் பெற வேண்டியவனாகலாம். தம்பிக்கு நீல அட்டை வருகிறது. பள்ளியில் நன்கு படிப்பவன் அண்ணன்; அரசு வேலைக்கு மனுப்போடத் தகுதியுள்ளவன் தம்பி. இருவரும் ஒரே சைக்கிளில் பட்டணத்துப் பதிவு இலாகாவுக்குப் போகிறார்கள். தம்பி மிதிக்கிறான், அண்ணன் பின்னால் தாள்களைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறான். வழியில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை எழுத இன்னும் எவரும் முன்வரவில்லை.