தமிழ்ப் பரிணாமக் கட்டுரைகளில் ‘முன்னோர் அன்றே சொன்னார்கள்’ என்னும் வாதம்

பரிணாமக் கொள்கையைப் பொதுவாசகருக்கு அறிமுகப்படுத்தும் தமிழ்க் கட்டுரைகள் பல, நம் முன்னோர் அதை முன்பே அறிந்திருந்தனர் என்று தொடங்குகின்றன. வாசகரை இணங்கவைக்கும் வழிகளை அரிஸ்டாட்டில் மூன்றாக வகுத்தார்: சொல்பவர் மீதுள்ள மதிப்பு, கேட்பவரின் உணர்ச்சி, காரண விளக்கம். முன்னோர் வாதம் முதல் இரண்டை நம்பி நிற்கிறது, மூன்றாவதைத் தொடுவதில்லை.

காட்டப்படும் சான்றுகள்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்துகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது என்று அது சொல்லவில்லை. மாணிக்கவாசகரின் சிவபுராணம் பல பிறவிகளை அடுக்குகிறது. அது ஓர் உயிரின் பிறவிப் பயணம், ஓர் இனத்தின் வரலாறு அன்று. மீன், ஆமை, பன்றி என வரும் தசாவதார ஒப்பீட்டை பிளாவட்ஸ்கி அம்மையார் 1877இல் தம் நூலில் எழுதினார். டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தது 1859இல். அதாவது, கொள்கை வந்த பிறகு பழம்பொருள் புதிதாக வாசிக்கப்பட்டது.

இந்நூல்களின் பெருமை இதனால் குறையாது. ஆனால் டார்வினின் கண்டுபிடிப்பான இயற்கைத் தேர்வு இவற்றில் இல்லை.

‘வளர்ச்சி’ என்ற சொல்

‘பரிணாம வளர்ச்சி’ என்ற வழக்கும் இதே ஏணிப்படி எண்ணத்துக்குத் துணைபோகிறது. பரிணாமம் மனிதனை நோக்கி ஏறும் படி அன்று; கிளைவிடும் மரம். இன்றைய குரங்கும் மனிதனும் ஒரு பொது மூதாதையின் வழிவந்தவர்கள்.

வாதம் திரும்பும் இடம்

2018 ஜனவரியில் மத்திய இணையமைச்சர் சத்யபால் சிங் டார்வின் கொள்கை தவறு என்றார். குரங்கு மனிதனாக மாறியதைப் பார்த்ததாக நம் முன்னோர் உள்பட யாரும் சொல்லவோ எழுதவோ இல்லை என்பது அவர் காட்டிய காரணம். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் இதை மறுத்தன. முன்னோர் சொன்னதால் கொள்கை சரி என்று படித்த மாணவர், முன்னோர் சொல்லாததால் தவறு என்பவருக்கு என்ன பதில் சொல்வார்?

காரணம் சொல்லும் வழி

வைத்திக்குப்பம் போன்ற மீனவர் ஊர்களில் வலைக்கண் அளவு எல்லோரும் அறிந்தது. பெரிய மீன் சிக்கும், சிறியது தப்பும். தப்பியவையே குஞ்சு பொரிக்கும். உடல் அளவு ஓரளவு மரபுவழி வருவதால், தலைமுறைகள் கழிய மீன் இனமே சிறுக்கலாம். கனோவர், மன்ச் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய மீன்களையே தொடர்ந்து அகற்றியபோது நான்கு தலைமுறைகளில் மீன்களின் வளர்ச்சி வேகமும் எடையும் குறைந்தன. இங்கே தேர்ந்தெடுப்பது மனிதன். இயற்கையில் அந்த வேலையைச் சூழல் செய்கிறது. வேறுபாடு, மரபு, தேர்வு மூன்றும் இந்த ஓர் எடுத்துக்காட்டில் அடங்கிவிடுகின்றன.

மதிப்பீடு

2023இல் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு அறிவியலின் ‘மரபும் பரிணாமமும்’ பாடம் ‘மரபு’ என்று சுருங்கியது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். மேல்நிலையில் உயிரியல் எடுக்காத மாணவருக்கு இனிப் பொதுக் கட்டுரைகளே பரிணாமத்தைச் சொல்லித்தர வேண்டியிருக்கும். எனவே அத்தகைய கட்டுரையை வாசிக்கும்போது, முன்னோர் பெயர்களை நீக்கிவிட்டுப் பார்க்கலாம். உயிரினம் ஏன் மாறுகிறது என்ற விளக்கம் மிஞ்சினால் அது அறிவியல் கட்டுரை.