பிள்ளையின் சொல்லும் மேன்முறையீட்டுத் தீர்ப்பும்

நமது சஞ்சிகைகளில் நாவலுக்கு விமர்சனம் வருகிறது, கவிதைக்கு வருகிறது, மார்க்க நூல்களுக்கும் வருகிறது. நீதிமன்றத் தீர்ப்புக்கு மட்டும் வருவதில்லை. அது சட்டத்தரணிமாரின் சாமான் என்று ஒதுக்கி வைத்துவிடுகிறோம். தீர்ப்பும் ஒரு பிரதிதான். அதற்கும் ஒரு கதைசொல்லி உண்டு, ஒரு மொழி உண்டு, சொல்லாமல் விட்ட இடங்களும் உண்டு. நான் சட்டம் படித்தவனல்லன், தமிழ் படிப்பித்தவன். கடந்த சில வருடங்களாக, குடும்பத்துக்குள் நடந்த சிறுவர் பாலியல் துஷ்பிரயோக வழக்குகளில் மேன்முறையீட்டு நீதிமன்றம் எழுதிய தீர்ப்புகளை வாசித்து வருகிறேன். அந்த வாசிப்பில் மனதில் தைத்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் சட்டம் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடலாம். 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நமது தண்டனைச் சட்டக் கோவையின் பாலியல் குற்றப் பகுதியைப் புதிதாக எழுதியது. இரத்த உறவுக்குள்ளும் சில திருமண உறவுகளுக்குள்ளும் நடக்கும் தகாப்புணர்ச்சி 364அ பிரிவில் தனிக்குற்றமாக வந்தது. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை அப்பிரிவு சொல்லும் உறவுமுறையான் ஒருவன் கெடுத்தால் 364(3) பிரிவின்படி பதினைந்து வருடத்துக்குக் குறையாத, இருபது வருடத்துக்கு மேற்படாத கடூழியச் சிறை. நமது சட்டத்தில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய கனமான சொற்களில் இதுவும் ஒன்று. ஆனால் மேல் நீதிமன்றம் குற்றவாளி என்று சொன்னதோடு கதை முடிவதில்லை. பதினான்கு நாட்களுக்குள் மேன்முறையீடு. அதன் பிறகு வருடக்கணக்கில் காத்திருப்பு.

மேன்முறையீட்டு நீதியரசர்கள் பிள்ளையைக் காண்பதில்லை, கோவையைத்தான் காண்கிறார்கள். இதற்காகவே ஒரு பழைய விதி இருக்கிறது: சாட்சியை நேரில் கண்டு கேட்ட நீதிபதியின் நம்பிக்கையை மேல்மன்றம் இலேசில் குலைக்கக் கூடாது. 1918இல் பிரிவிக் கவுன்சில் இலங்கை வழக்கொன்றில் சொன்னதை இன்றுவரை நமது நீதிமன்றங்கள் எடுத்தாள்கின்றன. நல்ல விதி. ஆனால் நம் நாட்டில் நடப்பது என்ன? வழக்கு இழுபடுகிறது, நீதிபதி இடமாற்றம் பெறுகிறார். 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம் 48ஆம் பிரிவின் கீழ், முன்னவர் பதிந்த சாட்சியத்தை வைத்தே பின்னவர் தொடரலாம். அப்படியானால் பிள்ளை அழுததைக் கண்டவர் ஒருவர், தீர்ப்பு எழுதியவர் இன்னொருவர். அந்தத் தீர்ப்பிலும் ‘சாட்சியின் நடத்தையை அவதானித்த நீதிபதி’ என்ற பழைய வாக்கியம் வந்து உட்கார்ந்தால், அது உண்மையில்லாத வாக்கியம். கதையெழுதுகிறவன் இப்படிச் செய்தால் விமர்சகர் விடமாட்டார். தீர்ப்பில் மட்டும் நாம் ஏன் விடவேண்டும்?

அடுத்தது மொழி. என் அக்கறை முழுவதும் இங்குதான்.

கிழக்கிலே ஒரு பிள்ளை சாட்சி சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் சொல்கிறாள், அது தமிழில் பதியப்படுகிறது. மேன்முறையீட்டுக்குப் போகும்போது பெரும்பாலும் ஆங்கிலமாகிறது. தெற்கிலே என்றால் அவளது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வாய்வழியே சிங்களமாகிப் பதியப்பட்டு, பிறகு ஆங்கிலத் தீர்ப்பாகிறது. “உம்மா கடைக்கிப் போன. மறுகா வாப்பா கதவச் சாத்தின” என்று அவள் சொன்னால், மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தார் எவருக்கும் விளங்கும்: மறுகா என்றால் பிறகு. அந்த வழக்குத் தெரியாத ஒருவர் அதை மறுபடியும் என்று பெயர்த்தால் என்ன ஆகும்? ஒரு தடவை நடந்த சம்பவம் இரண்டு தடவையாகிவிடும். பொலிஸ் வாக்குமூலத்தில் ஒரு தடவை, நீதிமன்றத்தில் இரண்டு தடவை. ‘முரண்பாடு’ என்று எதிரித்தரப்பு குறித்துக்கொள்ளும். ஐந்து வருடம் கழித்து கொழும்பிலே அந்த முரண்பாட்டை வைத்து வாதம் நடக்கும். பிள்ளை பொய் சொல்லவில்லை. சொல்தான் வழியில் மாறிப்போனது.

இன்னுமொன்று. “மாமா” என்கிறாள். உம்மாவின் உடன்பிறந்தவரும் மாமாதான், வாப்பாவின் சகோதரியை முடித்தவரும் மாமாதான். ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே சொல். ஆனால் 364அ பிரிவு சகோதரியின் மகளைத் தடைசெய்த உறவுக்குள் எடுக்கிறது. மனைவியின் சகோதரனுடைய மகளை எடுக்கவில்லை. எந்த மாமா என்பதைப் பொறுத்துத்தான் பதினைந்து வருடக் குறைந்தபட்சம் வருமா வராதா என்பது தீர்மானமாகிறது. உறவுமுறையைத் திருத்தமாக நிரூபிக்காமல் குற்றப்பத்திரிகையில் ஒரு பொதுச்சொல்லைப் போட்டால் மேன்முறையீட்டில் அது உடையும். சாச்சா, பெரியவாப்பா, மாமா, மச்சான் என்று வேறுபடுத்திப் பேசும் ஒரு சமூகத்தின் சொல்வளம் நீதிமன்றக் கோவையில் ஒரே சொல்லாகச் சுருங்குவது மொழிப்பிரச்சினை மட்டுமல்ல, நீதிப்பிரச்சினை.

மூன்றாவது, தாமதம். இத்தகைய வழக்குகளின் மேன்முறையீட்டில் அடிக்கடி வரும் வாதம்: “ஏன் உடனே சொல்லல்ல?” அந்நியன் ஒருவன் செய்த குற்றத்துக்கு இந்தக் கேள்வி ஓரளவு பொருந்தலாம். வீட்டுக்குள்ளே யாரிடம் சொல்வது? சொல்லவேண்டிய ஆளே செய்த ஆள். உம்மா சவூதியிலோ குவைத்திலோ வேலைக்குப் போயிருக்கிறா. மூத்தம்மாவுக்குச் சொன்னால் “வாய மூடு புள்ள” என்கிறா. கனடா உயர் நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில், பிள்ளை தாமதித்துச் சொன்னது என்ற ஒன்றை மட்டும் வைத்து அவளை நம்பாமல் விடக்கூடாது என்று தீர்த்தது. நமது மேன்முறையீட்டுத் தீர்ப்புகளிலும் தாமதத்துக்குக் காரணம் விளக்கப்பட்டால் போதும் என்ற போக்கு இருக்கிறது. எனக்குள்ள குறை வேறு: அந்த விளக்கத்தைத் தேடிக் கொண்டுவரும் பாரம் பிள்ளையின் தலையில் விழுகிறது. விசாரணை நீதிமன்றத்தில் வழக்குத்தொடுநர் அந்தக் கேள்வியைக் கேட்க மறந்தால், மேன்முறையீட்டுக் கோவையில் அது வெற்றிடமாக நிற்கும்.

உறுதிப்படுத்தும் சான்று பற்றியும் இப்படித்தான். இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவு எங்கும் கேட்கவில்லை. ஆயினும் 1986இல் அறிக்கையிடப்பட்ட ஒரு தீர்ப்பு, பாலியல் குற்றத்தில் பெண்ணின் தனிச்சாட்சியை நம்புவது மிக ஆபத்து என்று எச்சரித்துவிட்டு, அது நம்பத்தக்கதாயின் அதை வைத்தே தீர்க்கலாம் என்றும் சொன்னது. வாசிப்பவர் தமக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொள்ளலாம். எதிர்ப்பக்கத்தில் இந்திய உயர் நீதிமன்றத்தின் 1983 குஜராத் தீர்ப்பு நமது நீதிமன்றங்களில் விரும்பி எடுத்தாளப்படுகிறது. உறுதிச்சான்று கேட்பது காயத்தின் மேல் அவமானம் என்ற அதன் முடிவு சரி. காரணம்தான் உறுத்துகிறது: மானத்துக்கு அஞ்சும் நம் சமூகப் பெண் பொய்யாக இப்படிச் சொல்லமாட்டாள் என்பது அதன் தர்க்கம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அது பிள்ளையின் நம்பகத்தைக் குடும்ப மானத்தோடு கட்டிப்போடுகிறது. மானம் இல்லாதவள் என்று ஊர் பேர் வைத்த பிள்ளைக்கு அப்போது நம்பகம் கிடையாதா? சாட்சியத்தைச் சாட்சியமாக எடைபோட்டாலே போதுமே.

தண்டனைக்கு வருவோம். அநுராதபுர மேல் நீதிமன்றத்திலிருந்து அனுப்பப்பட்ட கேள்வியொன்றுக்கு (2008இன் 3ஆம் இலக்க ஆற்றுப்படுத்தல்) பதிலளித்த உயர் நீதிமன்றம், 364(2)(e) பிரிவின் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனை நீதிபதியின் தற்றுணிபைத் தடுக்காது என்றது. பதின்ம வயதுக் காதல் ஒன்று நீதிமன்றம் வரும்போது இது கருணையான தீர்ப்பு. அதே வாதத்தை வாப்பா எதிரியாக நிற்கும் வழக்குக்கும் தூக்கிவந்தால் அளவுகோல் பிழைக்கிறது. தண்டனைக் குறைப்புக்கு வழமையாகச் சொல்லப்படுவது, “இவர்தான் குடும்பத்தில் உழைக்கிற ஆள்” என்பது. சரி, உழைக்கிறவர்தான். அந்த உழைப்பில் வீடே தங்கியிருந்ததால்தான் பிள்ளை வாய்மூடியிருந்தாள். குற்றத்துக்கு உதவிய ஒன்றையே தண்டனைக்குச் சலுகையாகக் காட்டலாமா? மேன்முறையீட்டில் தண்டனையைக் குறைக்க மட்டுமல்ல, கூட்டவும் அதிகாரம் உண்டு என்பதையும் நினைவில் வைப்போம்.

இதையெல்லாம் சொல்வதால் மேன்முறையீடே வேண்டாம் என்கிறேன் என்று எடுத்துவிடாதீர்கள். எதிரிக்கும் உரிமை உண்டு. காணிச் சண்டையிலும் தலாக் சண்டையிலும் பிள்ளையை ஆயுதமாக எடுத்த கதைகள் நமக்குத் தெரியாததல்ல. எதிரி கூண்டிலிருந்து சொன்னதைக் கருத்தில் எடுக்காமல், நிரூபிக்கும் பாரத்தை அவர்மேல் மாற்றி, நாலு பக்கத்தில் அவசரமாக எழுதப்பட்ட தீர்ப்பை மேல்மன்றம் தள்ளுபடி செய்தால் குறைசொல்ல முடியாது. ஆனால் அதன் விலையை யார் கொடுப்பது? மறுவிசாரணைக்குக் கட்டளை போகிறது. பன்னிரண்டு வயதில் சாட்சி சொன்னவள் இப்போது கலியாணம் முடித்து ஒரு பிள்ளைக்குத் தாய். புருஷனுக்கு விஷயம் தெரியாது. வீட்டு வாசலில் அழைப்பாணை. பலவீனமாக எழுதப்பட்ட ஒரு குற்றவாளித் தீர்ப்பு விடுதலையைவிடக் கொடியது என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். சிறுவர் சாட்சியின் ஆரம்ப நேர்காணலைக் காணொளியாகப் பதிந்து சான்றாக்க 1999இன் 32ஆம் இலக்கச் சட்டம் வழிவிட்டது. அதை ஒழுங்காகப் பயன்படுத்தினால் பிள்ளையின் முதற்சொல் பிள்ளையின் குரலிலேயே மேல்மன்றம் வரை போகும். மறுகா என்றால் என்ன என்று திரும்பக் கேட்டுப் பார்க்கலாம்.

கடைசியாக நம் வீட்டுக்கதை. வழக்கு மேன்முறையீடு வரை போவதற்கு முன்னமே ஊரில் ‘பேசி முடிக்க’ ஆட்கள் வருகிறார்கள். குறையை மறைப்பது நன்மை என்கிறார்கள். பிறருடைய சறுக்கலை மறைப்பது வேறு, ஒரு பிள்ளையின் மேல் நடக்கும் அநியாயத்தை மறைப்பது வேறு. சூரத்துன் நிஸாவின் 135ஆம் வசனம் பெற்றோர், உறவினருக்கு எதிராகவேனும் நீதிக்குச் சாட்சி நிற்கச் சொல்கிறது. ஜும்ஆ மேடைகளில் எத்தனை தடவை இதை இந்த விஷயத்தோடு சேர்த்துக் கேட்டிருக்கிறோம்? சிலர் பிள்ளைக்கு அவசரமாக நிகாஹ் முடித்துவிடப் பார்க்கிறார்கள். 363ஆம் பிரிவு பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட மனைவிக்கு ஒரு விலக்கை வைத்தபோது, பிற சமூகங்களில் திருமண வயது பதினெட்டாகிவிட்டதால், அந்த விலக்கின் நிழல் விழுந்தது நம் பிள்ளைகள் மேல்தான். இதைப் பேசாமல் கொழும்பு நீதியரசர்களை மட்டும் விமர்சிப்பது நேர்மையல்ல.

மேன்முறையீட்டு நீதிமன்றம் கையில் கிடைத்த தாள்களைத்தான் வாசிக்கிறது. அந்தத் தாள்களில் பிள்ளையின் சொல் சிதையாமல் போய்ச்சேர, முதல் வார்த்தையைக் கேட்கிற உம்மா, ஆசிரியர், மௌலவி, நன்னடத்தை அதிகாரி, மொழிபெயர்ப்பாளர் எல்லோருக்கும் பங்கிருக்கிறது. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே கேளுங்கள். முடிந்தால் அன்றைக்கே, திகதி போட்டு, அவளது வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். பல வருடம் கழித்து நீதியரசர்கள் அவளை நம்புவதா இல்லையா என்று தீர்மானிக்கும்போது, அந்த ஒரு தாள் அவளுக்குப் பக்கத்தில் நிற்கும்.