அழுத்தம் எங்கே விழுகிறது?

ஒரு நகரத்தின் பெயரை வேற்றுமொழிக்காரன் எப்படிச் சொல்ல வேண்டும் என்ற கேள்வியை நம்மில் பலர் மரியாதை சம்பந்தப்பட்ட விஷயமாகவே பார்க்கிறோம். ஊர்க்காரன் சொல்கிறபடி சொன்னால் மரியாதை. நம் வாய்க்கு வந்தபடி சொன்னால் அவமரியாதை. எனக்கு இது சரியாகப் படவில்லை. பெயர் முதலில் ஓர் ஓசை. அந்த ஓசை நம் காதில் விழுந்ததா என்பதுதான் முதல் கேள்வி. ஃபின்லாந்தின் தலைநகரை ஆங்கிலம் எப்படி அழைக்கிறது என்று பார்த்தால் இது தெளிவாகும்.

ஆங்கிலத்தில் ஹெல்ஸின்கியை இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அகராதிகள் இரண்டையும் ஒப்புக்கொள்கின்றன. ஒன்றில் அழுத்தம் முதல் அசையான 'ஹெல்'லில் விழுகிறது. மற்றதில் நடுவிலுள்ள 'ஸின்'னில். ஃபின்னிஷ் மொழியில் இந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. அங்கே சொல்லின் அழுத்தம் எப்போதும் முதல் அசையில்தான். ஆகவே முதல் அசைக்காரர்கள் சரி, நடு அசைக்காரர்கள் தவறு. ஊர்க்காரனைப் பின்பற்று என்கிற கட்சி இத்தோடு வழக்கை முடித்துவிடும். ஆனால் எந்த ஊர்க்காரனை?

இந்த நகரத்தை 1550இல் நிறுவியவர் ஸ்வீடன் அரசர் குஸ்தாவ் வாஸா. ஸ்வீடிஷில் இதன் பெயர் ஹெல்ஸிங்ஃபோர்ஸ். 'ஃபோர்ஸ்' என்றால் ஆறு பாறைகளில் மோதி வேகமாக இறங்கும் இடம். 1640இல் நகரத்தைக் கடலோரமாக வேறு இடத்துக்கு மாற்றினார்கள். ஆற்றின் இறக்கம் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. பெயரில் மட்டும் கூடவே வந்தது. ஃபின்னிஷ் பெயரில் அந்த ஆற்று நீர் இல்லை. 1809இல் ஃபின்லாந்து ரஷ்யப் பேரரசுக்குப் போயிற்று. 1812இல் இந்த ஊர் தலைநகராயிற்று. 1917இல் நாடு சுதந்திரம் அடைந்தது. இன்றும் நகரம் சட்டப்படி இருமொழி நகரம். ஸ்வீடிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நூற்றுக்கு 5, 6 பேர்தான். என்றாலும் தெருப் பலகைகளில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன.

1911இல் வந்த பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் இந்த நகரத்தை ஹெல்ஸிங்ஃபோர்ஸ் என்ற தலைப்பில்தான் தேட வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு ஆங்கிலம் மெல்ல மெல்ல ஹெல்ஸின்கிக்கு மாறிற்று. பெரும்பான்மையினரின் பெயருக்கு மாறியது நியாயமே. எனக்கு அதில் புகார் இல்லை. நான் கவனிக்கச் சொல்வது வேறு. ஃபின்னிஷ் பெயரில் அழுத்தம் முதல் அசையில். ஸ்வீடிஷ் பெயரில் கடைசி அசையில், ஆறு இறங்கும் அந்த 'ஃபோர்ஸி'ல். ஆங்கிலேயரில் பலர் அழுத்துவது நடுவில். இந்த ஊரில் இரண்டு மொழிக்காரர்களும் நிற்காத ஓர் இடத்தைப் பார்த்து நிற்கிறார்கள்.

எங்கள் வாய்க்கு அப்படித்தான் வரும் என்று ஆங்கிலம் சொல்ல முடியாது. லாங்ஃபெல்லோ 1855இல் 'ஹையவாதா'வை வெளியிட்டபோது ஃபின்னிஷ் காவியமான 'கலேவலா'வின் தாளத்தைத்தான் எடுத்துக்கொண்டார், அதுவும் ஒரு ஜெர்மன் மொழிபெயர்ப்பின் வழியாக. முதல் அசையில் அழுத்தம் விழும் ஒரு நெடும் கவிதையையே தாங்கிய மொழிக்கு மூன்றசைப் பெயர் பாரமாகிவிடாது.

மரியாதைக் கட்சிக்கும் ஒரு சங்கடம் உண்டு. ரஷ்யர்கள் இந்த நகரத்தை ஆண்ட காலத்தில் 'கெல்ஸிங்ஃபோர்ஸ்' என்றார்கள், அழுத்தம் கடைசி அசையில். இன்று ஃபின்னிஷ் பெயரைச் சொல்கிறார்கள், அழுத்தம் முதல் அசையில். இரண்டு பெயரிலும் அழுத்தத்தைச் சரியான இடத்தில் வைத்தவர்கள் அவர்கள். ஆண்டவனின் உச்சரிப்புச் சுத்தமாக இருந்ததால் ஆளப்பட்டவனுக்கு என்ன கிடைத்தது? உச்சரிப்பை நல்லெண்ணத்தின் அளவுகோலாக வைக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பின் ஏன் இதைப் பற்றி எழுத வேண்டும்? கவிதைக்காக. குன்னர் ப்யோர்லிங் (1887–1960) இந்த நகரத்தில் பிறந்து ஸ்வீடிஷில் எழுதிய நவீன கவிஞர். எல்மர் டிக்டோனியஸும் அப்படித்தான். இவர்களுடைய எழுத்தில் நகரத்தின் பெயர் ஹெல்ஸிங்ஃபோர்ஸ். மொழிபெயர்ப்பாளர் அதை ஹெல்ஸின்கி என்று மாற்றினால், தேசப்படத்தில் பிழை இருக்காது, வரியில் இருக்கும். ஏறிப்போய்க் கடைசியில் விழுந்த அழுத்தம் தொடக்கத்துக்கோ நடுவுக்கோ போய்விடுகிறது. அதைவிட மோசம், ஒரு சிறுபான்மை மொழியில் எழுதிய மனிதன் பெரும்பான்மை மொழியில் தன் ஊரை அழைப்பதாகிவிடுகிறது. அவன் எழுதிய மொழியின் தனிமை அந்த ஒரு சொல்லில் அழிந்துபோகிறது.

நமக்கு இந்தக் கவிஞர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வருகிறார்கள். ஆங்கிலத்தின் காது கேளாமையும் கூடவே வந்துவிடுகிறது. நம் காது இதில் அவ்வளவு மோசமில்லை. ஆங்கிலத்தில் வேற்றுமை வந்தாலும் ஊர்ப்பெயர் அசையாது. நமக்கு ஏற்காடு 'ஏற்காட்டில்' ஆகிறது. ஃபின்னிஷிலும் பெயர் உள்ளுக்குள்ளேயே மாறுகிறது. ஊரின் பெரிய தினசரியின் பெயர் 'ஹெல்ஸிங்ஙின் ஸனோமாத்'. 'ன்' சேர்ந்ததும் ககரம் மறைந்து ஙகரம் நீள்கிறது. ஆங்கில வாசகன் அங்கே ஒரு ககரத்தை நுழைத்துவிடுவான். 'அங்ஙனம்' என்று சொல்லத் தெரிந்த நாக்குக்கு அந்தத் தேவை இல்லை.

ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் பேச்சில் இரண்டு பெயரையும் விட்டுவிட்டு 'ஸ்டாடி' என்கிறார்கள். நகரம் என்று பொருள்படும் ஸ்வீடிஷ் சொல்லுக்கு ஃபின்னிஷ் வால். இரண்டு மொழிக்காரர்களும் கலந்து வாழ்ந்த தொழிலாளர் பகுதிகளில் பிறந்த கொச்சை அது. எந்த அரசும் வைத்த பெயர் அல்ல.

செய்தியில் ஹெல்ஸின்கி என்றே எழுதுவோம், முதல் அசையை அழுத்திச் சொல்வோம். ப்யோர்லிங் தமிழில் வரும்போது அவருடைய ஊர் ஹெல்ஸிங்ஃபோர்ஸ் என்றே அச்சாகட்டும். வாசகனுக்கு உதவி வேண்டுமென்றால், ஹெல்ஸின்கி அடிக்குறிப்பில் இருக்கலாம்.